பம்பும் ஃபேன் கிளட்சும் ஒரே தண்டில்

ஞாயிற்றுக்கிழமை பாம்பன் பாலத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கடலைப் பார்க்க ஆளாளுக்கு வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள், பின்னால் வருவதெல்லாம் நகராமல் நிற்கும். அந்த வரிசையில் பழைய டீசல் வேன் ஒன்று இருந்தால் அதன் டிரைவர் மட்டும் கடலைப் பார்க்க மாட்டார். அவர் கண் டேஷ்போர்டில் இருக்கும். உச்சிப்புளி, மண்டபம் வரை நடுவிலேயே நின்ற வெப்ப முள், பாலத்தில் நின்றதும் மெல்ல ஏறும். வண்டி உருள ஆரம்பித்ததும் இறங்கும்.

கோளாறு எங்கே என்பதை இந்த அறிகுறியே பாதி சொல்லிவிடும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைக்கிறது. நின்றுவிட்டால் ஃபேன்தான் காற்றை இழுத்தாக வேண்டும். ஆகவே நின்றால் சூடு, ஓடினால் சரி என்றால் முதல் சந்தேகம் ஃபேன் கிளட்ச் மேல், அதாவது சூட்டைப் பொறுத்து ஃபேனை எஞ்சினோடு இணைத்து வேகமாகச் சுற்றவைக்கும் சாமான் மேல். வேகமாகப் போகும்போதோ பாரம் ஏற்றியிருக்கும்போதோ சூடேறினால் குறை தண்ணீர் ஓட்டத்தில் இருக்கும்: வாட்டர் பம்ப், அடைத்துக்கொண்ட ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் தண்ணீருக்கு வழிவிடும் வால்வு). ஆடி மாதக் கச்சான் காற்று, அதாவது தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, இந்தக் கணக்கைக் கொஞ்சம் குழப்பும். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும்போது அது பின்னாலிருந்து தள்ளுவதால், வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் ரேடியேட்டருக்கு அந்த அளவு எதிர்க்காற்று கிடைக்காது. போகும்போது சூடேறி, திரும்பி வரும்போது சமர்த்தாக வரும் வண்டியை நாம் பேய் பிடித்ததாக நினைக்க வேண்டாம்.

மெக்கானிக் பார்த்துவிட்டு, "பம்பு போயிருச்சுண்ணே, கிளட்சையும் சேர்த்து மாத்திருங்க" என்பார். ஒன்றுக்கு இரண்டாகத் தலையில் கட்டுகிறார் என்று தோன்றும். பெரும்பாலும் அவர் சொல்வது சரிதான். ஏன் என்று புரிய அந்த இரண்டும் என்ன செய்கின்றன என்று பார்த்துவிடலாம். (ஆம்னி போன்ற வண்டிகளில் மின்சார ஃபேன். அவற்றை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது.)

ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 36 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரில்தான் போய்ச் சேர்கிறது. மணிக்கு 5 லிட்டர் எரிக்கும் வேன் என்றால் தண்ணீர் சுமப்பது மணிக்கு 60 மெகாஜூல், அதாவது இடைவிடாமல் 16 கிலோவாட்டுக்கு மேல். குளிக்க வெந்நீர் போடும் 1500 வாட் ஹீட்டர் பதினொன்றை ஒரே நேரத்தில் ரேடியேட்டருக்குள் போட்டுவைத்த மாதிரி. இந்தச் சூட்டை எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குக் கொண்டுபோவது பம்பின் வேலை. ரேடியேட்டரிலிருந்து காற்றுக்குத் தள்ளிவிடுவது ஃபேனின் வேலை.

பம்புக்குள் பெரிய சூட்சுமம் இல்லை. இம்பெல்லர் என்கிற இறக்கைச் சக்கரம் சுழன்று தண்ணீரை நடுவிலிருந்து விளிம்புக்கு வீசுகிறது, அவ்வளவுதான். சூட்சுமமெல்லாம் சீலில் இருக்கிறது. சுழலும் தண்டு தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வரவேண்டும், தண்ணீர் மட்டும் வரக்கூடாது. அதற்காகக் கார்பன் வளையம் ஒன்றும் செராமிக் வளையம் ஒன்றும் ஸ்பிரிங்கால் முகத்தோடு முகம் அழுத்தப்பட்டிருக்கும். ஒன்று சுழலும், மற்றது நிற்கும். இடையில் தலைமுடியைவிட மெல்லிய ஏடாகக் கூலன்ட் (எஞ்சினைச் சுற்றும் அந்தத் தண்ணீர்தான்) நிற்கிறது. வளையங்கள் உரசித் தேயாமல் காப்பது அந்த ஏடுதான். தண்ணீர் வற்றிய வண்டியைக் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினால் முதலில் போவது இது.

சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே பம்பின் அடிப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சீல் கசிந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே சொட்டுவதற்காக வைத்தது. அந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டு "ஒழுகல் நின்னுருச்சு" என்று அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஒழுகல் நிற்கவில்லை, பேரிங் பக்கம் திரும்பியிருக்கிறது.

ஃபேன் கிளட்ச்தான் உண்மையில் ரசிக்க வேண்டிய சாமான். ஒயர் இல்லை, சென்சார் இல்லை. அதன் முகப்பில் சுருள்வில்லோ பட்டையோ ஒன்று இருக்கும். வேறுவேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தது. 18ஆம் நூற்றாண்டில் கடல் பயணத்துக்கான கடிகாரம் செய்த ஜான் ஹாரிசன் பயன்படுத்திய அதே ஈருலோகப் பட்டைதான். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்றின் சூடு 70 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறியதும் இது வளைந்து உள்ளே ஒரு வால்வைத் திறக்கிறது. ஒதுக்கறையில் இருந்த சிலிக்கோன் எண்ணெய் வேலை அறைக்குள் பாய்கிறது.

அங்கே எஞ்சினோடு சுழலும் தட்டும் ஃபேனோடு சேர்ந்த உறையும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. இரண்டிலும் வட்ட வட்டமாக வரிப்பள்ளங்கள். ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்துக்குள் மயிரிழை இடைவெளியில் நுழைந்திருக்கும். கெட்டியான எண்ணெய் அந்த இடைவெளியை நிரப்பியதும் தட்டு தன்னோடு உறையையும் இழுத்துச் சுற்றுகிறது. சூடு தணிந்தால் வால்வு மூடிக்கொள்ளும், எண்ணெய் ஒதுக்கறைக்கே திரும்பும், ஃபேன் சோம்பலாகச் சுற்றும். சிலிக்கோனைத் தேர்ந்ததற்குக் காரணம், மற்ற எண்ணெய்கள் சூட்டில் நீர்த்துப்போகும் அளவுக்கு அது நீர்ப்பதில்லை.

இந்தப் பாடெல்லாம் எதற்கு, ஃபேனை நேராக எஞ்சினோடு சேர்த்து முடுக்கிவிட்டால் என்ன? சில பட்டறைகளில் அப்படிச் செய்கிறார்கள், கிளட்சை வெல்டு வைத்து லாக் செய்துவிடுகிறார்கள். ஃபேனைச் சுற்றத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு. எதிர்க்காற்றே போதும் என்கிற வேகத்தில் அந்த டீசல் முழுக்க வீண். காதும் அடைத்துப்போகும்.

இனி அந்த ஒரே தண்டு விஷயத்துக்கு வருவோம். நெடுக்காக எஞ்சின் வைத்த பெரும்பாலான பழைய வேன்களில் கிளட்சும் ஃபேனும் வாட்டர் பம்பின் தண்டு நுனியில்தான் தொங்குகின்றன. கிளட்சுக்குள் தனியாக ஒரு பேரிங் உண்டு. அது தேய்ந்தால் ஃபேன் தள்ளாடும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் அந்தத் தள்ளாட்டம் நொடிக்கு 50 முறை பம்பின் பேரிங்கை அசைக்கிறது. பேரிங் ஆடினால் தண்டு ஆடும். தண்டு ஆடினால் சீல் வளையங்களின் முகம் ஒன்றோடொன்று பொருந்தாது, கசியும். பழைய கிளட்சோடு புதுப் பம்பை மாட்டுவது என்றால் இந்தச் சங்கிலியை முதலிலிருந்து ஆரம்பித்துவைப்பதுதான்.

எஞ்சின் நின்று ஆறியிருக்கும்போது ஃபேன் இறக்கையின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்றால் இரண்டில் ஒரு பேரிங் போயிருக்கிறது. சுண்டிவிட்டால் தடையே இல்லாமல் பல சுற்று சுற்றினாலும் கிளட்சில் எண்ணெய் இல்லை என்றே அர்த்தம். எண்ணெய் கசிந்த கிளட்சில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிக் கோடுகோடாகக் கறை ஓடும், நம் பக்கம் அதன்மேல் மணல் அப்பியிருக்கும். ஓடும் ஃபேனில் பேப்பரைச் சுருட்டி நீட்டிப் பார்க்கிற சோதனை மட்டும் வேண்டாம்.

கடற்கரையின் பங்கும் இதில் உண்டு. இங்கே பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. முள் ஏறிய அவசரத்தில் கிடைத்த உப்புத்தண்ணியை ஊற்றினால், சீலின் அந்த மெல்லிய ஏட்டில் நீர் ஆவியாகி உப்புப் படிகம் தங்கி வளையங்களைச் சுரண்டும். குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். வெளியே காற்றும் சும்மா இருப்பதில்லை. காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்), உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்துக் கடலோரத்தைத் தேர்ந்தது காரணமில்லாமல் இல்லை. அலுமினிய உறையில் இரும்பு போல்ட், நடுவே உப்பீரம் என்றால் அது ஒரு குட்டி மின்கலம். கரைவது அலுமினியம். அதன் ஆக்சைடு உப்பி மரையை இறுக்கிவிடும். கீழக்கரை, தொண்டி வண்டிகளில் பம்ப் போல்ட் தலை முறிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். முந்தின நாளே துருநீக்கி அடித்து ஊறவிடுவது நல்லது.

கழற்றும் முன் மரை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில வண்டிகளின் கிளட்ச் நட் இடதுமரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். புதுக் கிளட்சைக் கடையிலிருந்து கொண்டுவரும்போது படுக்கப் போடாமல், வண்டியில் நிற்கிறபடியே நிமிர்த்தி வையுங்கள், எண்ணெய் இடம் மாறாது. கேஸ்கெட் முகத்தைச் சுத்தமாகச் சுரண்டி, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஊற்றுவது கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான், காற்று அடைத்து நிற்காமல் நிதானமாக. வடித்த பழைய கூலன்ட்டை மண்ணில் விடாதீர்கள். அது இனிக்கும் விஷம், ஆடும் நாயும் நக்கும்.

மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டில் ஃபேன் பெரிதாக இரைந்தால் பதறிக்கொண்டு பட்டறைக்கு ஓட வேண்டாம். இரவு முழுக்க நின்றதில் எண்ணெய் வேலை அறைக்குள் இறங்கியிருக்கும், ஓரிரு நிமிடத்தில் ஒதுக்கறைக்குத் திரும்பிவிடும். தேவிபட்டினம் தாண்டியும் அதே இரைச்சல் அடங்காமல், முள்ளும் வழக்கத்தைவிடக் கீழேயே நின்றால்தான் கிளட்ச் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்போது திருப்பிக் கொண்டுபோய்க் காட்டலாம்.