வகுக்காமலே பகா எண்ணைக் கண்டறிவது எப்படி?

2024 அக்டோபரில் லூக் டுரான்ட் கண்டுபிடித்த பகா எண்ணில் 4,10,24,320 இலக்கங்கள் இருக்கின்றன. 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்தால் கிடைப்பது அது. அன்றுவரை தெரிந்த பகா எண்களில் அதுதான் மிகப் பெரியது.

சரி, அது எதனாலும் வகுபடாது என்று யார் வகுத்துப் பார்த்தார்கள்? யாரும் இல்லை. அதன் வர்க்கமூலத்துக்கே இரண்டு கோடி இலக்கங்களுக்கு மேல். 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே போனால் எந்தக் காலத்திலும் முடியாது.

வழி திறப்பது அந்த எண்ணின் வடிவத்தால்தான். 0, 1 இரண்டை மட்டுமே கொண்டு எழுதும் இரும முறையில் எழுதினால் அதில் வெறும் ஒன்றுகள்தான் இருக்கும். 31-ஐ 11111 என்று எழுதுவோமே, அதுபோல. இவற்றுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். ஒன்றுகளின் எண்ணிக்கை பகு எண்ணாக இருந்தால் சோதனையே வேண்டாம்: 111111 என்பது 111-ஆல் வகுபடும் என்பது பார்த்தாலே தெரியும். எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால்தான் வேலை. அதற்குத்தான் லூக்காஸ்-லேமர் சோதனை.

4-இல் தொடங்குங்கள். அதை வர்க்கமாக்கி, 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து வரும் மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை வைத்து மறுபடியும் அதையே செய்யுங்கள். ஒன்றுகளின் எண்ணிக்கையைவிட இரண்டு குறைவான தடவை செய்தபின் பூஜ்யம் வந்தால் அது பகா எண், வராவிட்டால் இல்லை. 31-க்கு மூன்று தடவை: முதலில் 14, அடுத்து 194, மீதி 8, அப்புறம் 62, மீதி 0. பகா எண்! பதினோரு ஒன்றுகள் கொண்ட 2047-க்கு ஒன்பதாவது தடவை 1736 நிற்கிறது. தேறவில்லை, அது 23 × 89.

ஆனால் 23, 89 என்ற காரணிகளைப் பற்றி இந்தச் சோதனை மூச்சே விடாது. பகு எண் என்று சொல்லும், எதனால் பகுபடும் என்று சொல்லாது. இந்த எண்களுக்குப் பெயர் தந்த பிரெஞ்சு அறிஞர் மெர்சென், 67 ஒன்றுகள் கொண்ட எண்ணைப் பகா எண் என்று பட்டியலிட்டிருந்தார். அது பகா எண் அல்ல என்று 1876-இல் லூக்காஸ் காட்டினார். அதன் காரணிகளான 193707721, 761838257287 இரண்டையும் ஃபிராங்க் நெல்சன் கோல் 1903-இல்தான் வெளியிட்டார்.

மீதி காண்பதற்கும் வகுக்கத் தேவையில்லை. 31-ஐச் சோதித்தபோது வந்த 194 இருமத்தில் 11000010. கடைசி ஐந்து இலக்கங்களை வெட்டினால் 00010, அதாவது 2. முன்னால் நிற்பது 110, அதாவது 6. கூட்டினால் 8. 194 என்பது ஆறு 32-களும் ஒரு 2-ம்; 32-ஐ 31-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் இப்படி வெட்டி ஒட்டலாம்.

ஆக, கணினிக்கு மிச்சமிருக்கும் பெரிய வேலை வர்க்கமாக்குவதுதான். கோடிக்கணக்கான இலக்கங்களை அதிவேக ஃபூரியர் உருமாற்றம் என்ற, மிகப் பெரிய எண்களை வேகமாகப் பெருக்க உதவும் உத்தி வழியே பெருக்குகிறார்கள். அதில் தசமப் பின்னங்கள் வருவதால், எங்காவது ஒரு சின்ன முழுமைப்படுத்தல் பிழை நுழைந்தாலும் முடிவு கெட்டுவிடும். பிழையால் தற்செயலாகப் பூஜ்யம் வருவது அநேகமாக நடக்காது. உண்மையான பகா எண் ஒன்று ‘இல்லை’ என்று ஒதுக்கப்படுவதுதான் பெரிய ஆபத்து. பூஜ்யம் வந்த பிறகும், வேறு கணினிகளில் வேறு நிரல்களைக் கொண்டு திரும்பவும் கணக்கிட்டுப் பார்த்த பின்புதான் அறிவிக்கிறார்கள்.