ஆறு டிஸ்க்கையும் ஒரே ஃபோல்டரில் கொட்டாதீர்கள்

இந்த வாரமும் அதே அழைப்பு. "சார், நெட்வொர்க் இன்ஸ்டால் பாதியில நின்னுடுச்சு. சர்வர் பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு." போய்ப் பார்த்தால் சர்வரில் ஒரே ஒரு ஃபோல்டர். ஆறு சிடி ஐஎஸ்ஓக்களையும் (ஒரு டிஸ்க்கின் முழு நகலாக வரும் ஒற்றைக் கோப்புகள்) ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் அதில் கொட்டியிருக்கிறார்கள். "இந்தக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா?" என்று கணினி ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறது. இவர்களும் சளைக்காமல் "எல்லாவற்றையும் மாற்று" என்று அழுத்தியிருக்கிறார்கள்.

நான் இங்கே பேசுவது ரெட் ஹேட் 4, 5, சென்ட்ஓஎஸ் 4, 5 போன்ற பழைய லினக்ஸ் வெளியீடுகளை, டிஸ்க்கைச் செருகாமல் ஒரு சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாக இன்ஸ்டால் செய்வதைப் பற்றி. இன்னுமா அதையெல்லாம் போடுகிறார்கள் என்று கேட்பீர்கள். போடுகிறார்கள். அந்த வெளியீட்டில் மட்டுமே ஓடும் மென்பொருள், அந்த மென்பொருளை நம்பி நிற்கும் விலையுயர்ந்த கருவி, டிஸ்க் டிரைவே இல்லாத இயந்திரம் என்று எங்கேயாவது ஒரு கட்டாயம் இருந்துகொண்டேதான் இருக்கிறது. சென்ட்ஓஎஸ் 5-க்கான ஆதரவு 2017 மார்ச் 31-லேயே முடிந்துவிட்டது. ஆகவே அதைப் போடுவதாக இருந்தால் இணையத்தைத் தொடாத தனி நெட்வொர்க்கில் போடுங்கள். இதற்கு மேல் இதில் விவாதம் எனக்கு வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். "எல்லாமே பேக்கேஜ்தானே சார், ஒரே இடத்துல இருந்தா இன்ஸ்டாலருக்குத் தேட வசதிதானே?" இந்தக் கேள்வியை நான் கேட்காத மாதம் இல்லை. (பேக்கேஜ் என்பது இன்ஸ்டால் செய்யத் தயாராகக் கட்டிய மென்பொருள் பொதி.) கேட்பவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை, நியாயமாகத்தான் யோசிக்கிறார்கள். ஆனால் இன்ஸ்டாலர் எதையும் தேடுவதில்லை. தன்னிடம் உள்ள அட்டவணையைப் பார்த்து, "இந்தப் பெயரில், இந்த இடத்தில் உள்ள கோப்பைக் கொடு" என்று கேட்கும். அங்கே இல்லையென்றால் நின்றுவிடும். அதே கோப்பு பக்கத்து ஃபோல்டரிலேயே கிடந்தாலும் அதற்குத் தெரியாது.

அந்த அட்டவணை முதல் டிஸ்க்கில் இருக்கிறது. பல பாகங்களாக வந்த கலைக்களஞ்சியத்துக்குப் பொருளடக்கம் முதல் பாகத்தில் மட்டும் இருப்பதைப் போல. சென்ட்ஓஎஸ் 5-ல் முதல் டிஸ்க்கில் உள்ள ரெப்போடேட்டா என்ற ஃபோல்டர்தான் மொத்தத் தொகுப்புக்கும் அட்டவணை. எந்த பேக்கேஜ், எந்த டிஸ்க்கில் என்று அதில் எழுதியிருக்கும். நீங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிய பிறகும் அந்த அட்டவணை "இது மூன்றாம் டிஸ்க்கில்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும். உங்கள் சர்வரிலோ இப்போது மூன்றாம் டிஸ்க் என்று ஒன்று கிடையாது. தொடக்கத்தில் எல்லாம் சரியாக ஓடுவதுபோலத் தெரிவதும், பாதியில் நிற்பதும் இதனால்தான்.

அட்டவணையோடு முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு டிஸ்க்கின் மேல்மட்டத்திலும் டிஸ்க்இன்ஃபோ என்று ஒரு குட்டிக் கோப்பு இருக்கும். பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. உள்ளே சில வரிகள்தான்: அந்த வெளியீடு உருவான நேரத்தின் முத்திரை, வெளியீட்டின் பெயர், எந்த வகைச் செயலிக்கானது, எத்தனையாவது டிஸ்க். ஆறையும் வரிசையாகக் கொட்டினால் கடைசி டிஸ்க்கின் டிஸ்க்இன்ஃபோ, முதல் டிஸ்க்குடையதை அழித்துவிட்டு அங்கே உட்கார்ந்துகொள்ளும். உங்கள் மொத்தத் தொகுப்பும் "நான் ஆறாவது டிஸ்க்" என்று அறிமுகம் செய்துகொள்ளும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. டெர்மினலில் நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் நகலெடுத்தால் புள்ளியில் தொடங்கும் கோப்புகள் வரவே வராது. டிஸ்க்இன்ஃபோ இல்லாத ஃபோல்டரைப் பார்த்து இன்ஸ்டாலர் "இது இன்ஸ்டால் செய்யும் தொகுப்பாகவே தெரியவில்லை" என்று கைவிரிக்கும். உடனே இவர்கள் நெட்வொர்க் கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள். கேபிள் என்ன பாவம் செய்தது? பின்னர் வந்த வெளியீடுகளில் ட்ரீஇன்ஃபோ என்று இன்னொரு கோப்பு முக்கியமாகிவிட்டது. அதுவும் புள்ளியில்தான் தொடங்கும், அதையும் இதே போலத் தவறவிடுகிறார்கள்.

நேர முத்திரை எதற்கு என்று யாரும் கேட்பதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எந்தக் கர்னலையும் (லினக்ஸின் மையக்கரு) இனிட்ஆர்டியையும் (அதோடு முதலில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) வைத்து பூட் செய்கிறீர்களோ, அந்த இனிட்ஆர்டிக்குள்ளும் இதே முத்திரை பதிந்திருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் "தொகுப்பு உங்கள் பூட் மீடியாவோடு பொருந்தவில்லை" என்று பிழை வரும். பூட் கோப்புகளை 5.3-லிருந்து எடுத்து, பேக்கேஜ்களை 5.8-லிருந்து வைத்தால் வேறென்ன வரும்? இரண்டையும் ஒரே டிஸ்க் தொகுப்பிலிருந்து எடுங்கள். "ரெண்டும் சென்ட்ஓஎஸ் 5தானே சார்" என்று என்னிடம் வாதாடிப் பயனில்லை, இன்ஸ்டாலரிடம் வாதாடுங்கள்.

ஒன்றாகக் கலக்கவே முடியாதா என்றால், முடியும். பேக்கேஜ்களை ஓரிடத்தில் சேர்த்து, முதல் டிஸ்க்கின் அடையாளக் கோப்புகளைப் பத்திரமாக வைத்து, கிரியேட்ரெப்போ என்ற கருவியைக் கொண்டு அட்டவணையைப் புதிதாகத் தயாரிக்க வேண்டும். அப்படித் தயாரிக்கும்போது பேக்கேஜ் குழுக்களைச் சொல்லும் காம்ப்ஸ் கோப்பையும் கொடுக்க மறந்தால், "குழுத் தகவலைப் படிக்க முடியவில்லை" என்று வேறொரு இடத்தில் நிற்கும். இதெல்லாம் தெரிந்தவர் என்னை அழைக்க மாட்டார். சன் நிறுவனத்தின் சோலாரிஸ் இயங்குதளத்தில் இந்த வேலைக்கென்றே இரண்டு ஸ்கிரிப்ட் கொடுத்திருந்தார்கள்: முதல் டிஸ்க்குக்கு செட்அப்_இன்ஸ்டால்_சர்வர், மற்றவற்றை அதில் சேர்க்க ஆட்_டு_இன்ஸ்டால்_சர்வர். கைக்கு வந்தபடி கொட்டுவார்கள் என்று அன்றே தெரிந்திருக்கிறது போலும்.

சரி, எப்படித்தான் செய்வது? எச்டிடிபி வழி, அதாவது வெப் சர்வர் வழி என்றால் டிஸ்க்1, டிஸ்க்2 (disc1, disc2) என்று தனித்தனி ஃபோல்டர்கள் உருவாக்கி, ஒவ்வொன்றிலும் அதற்குரிய ஐஎஸ்ஓவை மவுண்ட் செய்யுங்கள், அதாவது பிரிக்காமலேயே அதன் உள்ளடக்கம் அந்த ஃபோல்டரில் தெரியும்படி இணையுங்கள். எதையும் திறந்து நகலெடுக்கவே வேண்டாம். இன்ஸ்டாலரிடம் இந்த ஃபோல்டர்கள் எல்லாம் இருக்கிற தாய் ஃபோல்டரின் முகவரியைக் கொடுங்கள், டிஸ்க்1-இன் முகவரியை அல்ல. ஃபோல்டர் பெயர்கள் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல், எண் ஒட்டியே இருக்க வேண்டும். "சிடி ஒன்று புதுசு" என்றெல்லாம் பெயர் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் முறை) வழி என்றால் இன்னும் எளிது. ஐஎஸ்ஓ கோப்புகளை அப்படியே ஒரு ஃபோல்டரில் வைத்தால் போதும், இன்ஸ்டாலரே உள்ளே திறந்து பார்த்துக்கொள்ளும். இதை விட்டுவிட்டு, எச்டிடிபிக்காக மவுண்ட் செய்த அதே ஃபோல்டரை என்எஃப்எஸ்ஸிலும் பகிர்வார்கள். தாய் ஃபோல்டரைப் பகிர்ந்தால் அதனுள் மவுண்ட் ஆனவை தாமாகப் பகிரப்படாது. அந்தப் பக்கம் இருந்து பார்க்கிறவருக்கு டிஸ்க்1, டிஸ்க்2 எல்லாம் காலி ஃபோல்டராகத் தெரியும். பகிரும்போது கிராஸ்மவுண்ட் விருப்பத்தைக் கொடுத்தால் தெரியும். ஆனால் எதற்கு இந்தச் சுற்று? ஐஎஸ்ஓவை வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

மவுண்ட் செய்வதில் இரண்டு இடத்தில் வழுக்கும். பழைய கர்னல்களில், ஐஎஸ்ஓ கோப்பை டிஸ்க் போலக் காட்டும் லூப் சாதனங்கள் இயல்பாக எட்டுதான். 32 பிட் தொகுப்பு ஆறு டிஸ்க், 64 பிட் தொகுப்பு இன்னொரு ஏழு என்று ஒரே சர்வரில் வைத்தால் ஒன்பதாவது மவுண்ட் ஏறாது, "காலி லூப் சாதனம் இல்லை" என்று சொல்லும். அந்த எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் மேக்ஸ்_லூப் அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். அடுத்தது, எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது எவற்றை மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) எழுதாமல் கையால் மவுண்ட் செய்தவை சர்வர் மறுபடி பூட் ஆனதும் போய்விடும். "போன மாசம் நல்லாத்தான் இருந்துச்சு" என்று தொடங்கும் அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த ரகம்.

விண்டோஸ் கணினியில் ஐஎஸ்ஓவைப் பிரித்து, பிறகு லினக்ஸ் சர்வருக்கு ஏற்றுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தயவுசெய்து வேண்டாம். அந்தப் பக்கம் படிக்கப்படும் ஜோலியட் முறையில் கோப்புப் பெயருக்கு 64 எழுத்துதான் இடம். பேக்கேஜ் பெயர்கள் சில அதைத் தாண்டும், வால் வெட்டுப்படும், சிம்பாலிக் லிங்க்குகளும் (வேறு கோப்பைச் சுட்டும் குறுக்குவழிகள்) காணாமல் போகும். எதுவுமே பிழை காட்டாது. அப்புறம் இன்ஸ்டாலர் முழுப் பெயரைக் கேட்கும்போதுதான் தெரியவரும். ஐஎஸ்ஓவை ஐஎஸ்ஓவாகவே ஏற்றுங்கள். அதையும் ஃபேட்32 பென்டிரைவில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக அதில் நிற்காது, முழு டிவிடி ஐஎஸ்ஓ அதைத் தாண்டக்கூடும்.

ஏற்றிய பிறகு செக்சம் (கோப்பு சிதையவில்லை என்று உறுதிசெய்யும் சரிபார்ப்பு எண்) பாருங்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பார்க்க வேண்டும். முதல் டிஸ்க்கை மட்டும் சரிபார்த்துவிட்டு "எல்லாம் ஓகே சார்" என்றால், ஐந்தாவது டிஸ்க்கில் ஒரு பேக்கேஜ் சிதைந்திருந்து, எல்லா இயந்திரமும் ஒரே இடத்தில் வரிசையாக நிற்கும். இது சில நிமிட வேலை, இதற்குக்கூட நேரமில்லையா?

டெபியன் என்ற இன்னொரு லினக்ஸைப் போடும் ஆட்கள் இதற்கு நேர்மாறு. பத்துப் பன்னிரண்டு டிஸ்க்கையும் இறக்கி அடுக்கி வைத்துக்கொண்டு தொடங்குவார்கள். அங்கே பேக்கேஜ்கள் பயன்பாட்டு வரிசைப்படி அடுக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான வேலைக்கு முதல் டிஸ்க்கே போதும். இணைய வசதி இருந்தால் மீதியை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் நெட்இன்ஸ்ட் என்ற சின்ன ஐஎஸ்ஓ அதைவிட மேல்.

இனி வரப்போவது கொஞ்சம் கடுமையாக இருக்கும். இதுவரை சொன்னதெல்லாம் உங்கள் நேரத்தை மட்டும் வீணடிக்கும் தவறுகள். இது மற்றவர்களின் டேட்டாவை அழிக்கும்.

பிஎக்ஸ்இ (டிஸ்க் இல்லாமல் நெட்வொர்க்கிலிருந்தே பூட் ஆகும் முறை) வழியாக பூட் செய்வதற்காக, கணினிகளுக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சர்வர் ஒன்றை எழுப்புகிறீர்கள். ஏற்கெனவே ஒன்று ஓடும் நெட்வொர்க்கில் அதை எழுப்பினால், உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத கணினிகள் உங்களிடம் முகவரி வாங்கிக்கொண்டு, வெளியுலகத் தொடர்பு இழந்து நிற்கும். தனி ஸ்விட்ச் அல்லது தனி விலான் (ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) போடுங்கள். முடியவே முடியாதென்றால் டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருளில் பிராக்ஸி டிஎச்சிபி முறை இருக்கிறது. அது முகவரி கொடுக்காமல் பூட் தகவலை மட்டும் சொல்லும்.

அதைவிட மோசம், நெட்வொர்க் பூட்டில் முதலில் வரும் பிஎக்ஸ்இலினக்ஸ் மெனுவில் இன்ஸ்டாலையே இயல்பான தேர்வாக வைப்பது. கூடவே கிக்ஸ்டார்ட் கோப்பில் (இன்ஸ்டாலரின் கேள்விகளுக்கு முன்கூட்டியே எழுதி வைத்த பதில்கள்), எல்லாப் பகுதிகளையும் அழிக்கச் சொல்லும் கிளியர்பார்ட் ஆல் என்ற வரி. இதன் பொருள் என்ன தெரியுமா? நெட்வொர்க்கிலிருந்து முதலில் பூட் செய்யும்படி அமைந்த எந்தக் கணினி அந்த நேரத்தில் மறுபடி எழுந்தாலும், யாரையும் கேட்காமல் தன் ஹார்ட் டிஸ்க்கை அழித்துக்கொண்டு புதிதாக இன்ஸ்டால் ஆகிவிடும். மின்சாரம் போய் வந்தால் போதும். இயல்பான தேர்வு எப்போதும் லோக்கல்பூட்டாக, அதாவது கணினியின் சொந்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பூட் ஆவதாக இருக்கட்டும். இன்ஸ்டால் வேண்டுமென்றால் ஒருவர் உட்கார்ந்து பெயரைத் தட்டச்சு செய்யட்டும். எந்தக் கணினி என்று அதன் நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியைக் குறிப்பிட்டுத் தனிக் கோப்பு வைத்தால் இன்னும் நல்லது. இதை ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன், அழிந்த டிஸ்க்கோடு யாரும் என்னிடம் வர வேண்டாம். கிக்ஸ்டார்ட் கோப்பில் ரூட் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பவர்கள், அந்தக் கோப்பை உலாவியில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பூட் கோப்புகளை அனுப்பும் டிஎஃப்டிபிக்கு ஃபயர்வாலில் போர்ட் 69-ஐ மட்டும் திறந்துவிட்டு "திறந்துட்டேன் சார்" என்பார்கள். முதல் கோரிக்கைதான் அந்தப் போர்ட்டுக்கு வரும், டேட்டா வேறு போர்ட்டில் போகும். அந்தத் தொடர்பைப் பின்தொடர்ந்து வழிவிடும் கனெக்‌ஷன் டிராக்கிங் உதவி மாட்யூலை ஃபயர்வாலில் ஏற்றுங்கள். வேலை முடிந்ததும் டிஎச்சிபியையும் டிஎஃப்டிபியையும் நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எங்காவது நின்றால் "நின்னுடுச்சு" என்று மட்டும் சொல்லி அழைக்காதீர்கள். இன்ஸ்டாலர் திரையில் ஆல்ட், எஃப்3 அழுத்துங்கள், அப்புறம் ஆல்ட், எஃப்4. எந்தக் கோப்பை எந்த முகவரியில் கேட்டது, என்ன பதில் வந்தது என்பது பெரும்பாலும் அங்கேயே இருக்கும். வரைகலைத் திரையில் இருந்தால் கண்ட்ரோலையும் சேர்த்து அழுத்த வேண்டும். அந்த இரண்டு திரைகளையும் படம் எடுத்து, வெப் சர்வரின் லாக் கோப்பில் (வந்த கோரிக்கைகளின் பதிவு) உள்ள கடைசிச் சில வரிகளோடு அனுப்புங்கள். அந்த லாக் கோப்பில் 404 (கேட்ட கோப்பு அங்கே இல்லை) என்று ஒரு வரி இருந்தால், எனக்கு அனுப்பும் முன் அந்த முகவரியை நீங்களே உலாவியில் ஒருமுறை திறந்து பாருங்கள்.