மூன்று விசில் என்பது எத்தனை நிமிடம்?

துவரம்பருப்புக்கு மூணு விசில், கொண்டைக்கடலைக்கு ஆறு விசில் என்று சமையல் குறிப்புகள் சொல்கின்றன. ஒரு வீட்டில் அந்தக் கணக்கு வெண்ணெயாகப் பருப்பைக் கொடுக்கும். அடுத்த வீட்டில் அதே பருப்பு, அதே மூணு விசில், ஆனால் மத்தால் கடைந்தாலும் மசியாது. பழி பெரும்பாலும் பருப்பின் மேல் விழும். சில நேரம் அது நியாயமும்கூட. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது விசிலைத்தான். பெரிய பர்னரில் முழுத் தீ வைத்தால் மூன்று விசில் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடலாம்; சின்ன பர்னரில் அதே மூன்றுக்கு 10 நிமிடம் பிடிக்கலாம். பருப்பு வேகத் தேவையானது சூடும் நேரமும். விசில் இந்த இரண்டையுமே அளப்பதில்லை.

அது எதை அளக்கிறது என்பதை மூடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தாலே புரியும். நடுவில் ஒரு சிறு ஆவிக்குழல். அதன் துளை 3 மில்லிமீட்டர் குறுக்களவு என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு சுமார் 7 சதுர மில்லிமீட்டர். அந்தத் துளையின் மேல் 72 கிராம் வெயிட் உட்கார்ந்திருக்கிறது. உள்ளேயிருக்கும் ஆவி அந்த 72 கிராமைத் தூக்க வேண்டுமென்றால், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட ஒரு மடங்கு அதிகமாக, அதாவது மொத்தம் இரண்டு வளிமண்டல அழுத்தத்தில் இருக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிப்பதில்லை. 120 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். குக்கரின் பயன் முழுவதும் இந்த 20 டிகிரியில் இருக்கிறது. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வேதிவினைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரைவாகும் என்பது ஒரு தோராயக் கணக்கு. 20 டிகிரி ஏறினால் நான்கு மடங்கு. திறந்த பாத்திரத்தில் 40 நிமிடம் கொதிக்க வேண்டிய பருப்பு குக்கரில் 10 நிமிடத்தில் வெந்துவிடுவது இதனால்தான்.

1679-இல் இலண்டனில் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் எலும்பையும் மென்மையாக்கும் கலம் ஒன்றைச் செய்துகாட்டினார். அதிலும் மூடியை இறுக்கிப் பூட்டி, ஒரு நெம்புகோலில் எடை தொங்கவிட்டுத்தான் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தினார். நம் அடுப்படி வெயிட் அந்த ஏற்பாட்டின் வாரிசு.

இந்தக் கணக்கிலிருந்து உடனே கிடைக்கும் ஒரு பாடம்: ஒரு குக்கரின் வெயிட்டை இன்னொரு குக்கரில் மாட்டக் கூடாது. அதே 72 கிராம், 4 மில்லிமீட்டர் துளையுள்ள குழலில் உட்கார்ந்தால் பரப்பு அதிகம் என்பதால் பாதியை ஒட்டிய அழுத்தத்திலேயே எழும்பிவிடும். உள்ளே 113 டிகிரிதான் கிடைக்கும். விசில் நன்றாகக் கேட்கும், பருப்பு வேகாது. தலைகீழாக, பெரிய துளைக்கென்று செய்த கனமான வெயிட் சின்னத் துளையில் உட்கார்ந்தால் அழுத்தம் வரம்பைத் தாண்டி ஏறும். இது ஆபத்து. தொலைந்த வெயிட்டுக்குப் பதில் வாங்கும்போது குக்கரின் மாடலைச் சொல்லி அதற்கே உரியதைக் கேட்டு வாங்குங்கள்.

வெயிட் ஏன் மெல்லக் கசியாமல் சட்டென்று எழும்பிக் கூவுகிறது? மூடியிருக்கும்போது ஆவி தள்ளுவது துளையளவு பரப்பை மட்டும். ஒருமுறை எழும்பிவிட்டால் வெயிட்டின் அகலமான அடிப்பரப்பு முழுவதிலும் ஆவி மோதுகிறது. ஆகவே அழுத்தம் கொஞ்சம் இறங்கும்வரை அது கீழே வராது. பிறகு பொத்தென்று உட்காரும். மறுபடி அழுத்தம் சேரும். உள்ளே அழுத்தம் நிரம்பி வழிகிறது என்பதுதான் விசில் தரும் ஒரே செய்தி.

அந்தச் செய்தியும் முதல் தடவை பொய்யாக இருக்கலாம். பலர் கவனிக்காத இடம் இது. மூடும்போது குக்கருக்குள் காற்று இருக்கிறது. வெயிட்டை ஆரம்பத்திலேயே போட்டுவிட்டால் அந்தக் காற்றும் உள்ளேயே மாட்டிக்கொண்டு சூடாகி அழுத்தம் தருகிறது. மூடி கசிவில்லாமல் இறுக்கமாக இருக்கிறது என்று கொண்டு கணக்குப் போட்டால், 30 டிகிரியில் அடைபட்ட காற்று 93 டிகிரிக்கு வரும்போது தானே 1.2 மடங்கு வளிமண்டல அழுத்தம் தரும். அந்தச் சூட்டில் நீராவியின் பங்கு 0.8. இரண்டும் சேர்ந்து 2. வெயிட் எழும்பிவிடும்! விசில் வந்தாயிற்று, உள்ளே தண்ணீர் 100 டிகிரியைக்கூடத் தொடவில்லை. நடைமுறையில் சூடேறும்போதே குழல் வழியாகவும் கேஸ்கட் ஓரமாகவும் கொஞ்சம் காற்று வெளியேறிவிடுவதால் நிலைமை இவ்வளவு மோசமாவதில்லை. ஆனாலும் முதல் ஓரிரு விசில்களில் வெளியே வருவதில் காற்றும் கலந்திருக்கிறது.

ஆவி வந்த பிறகு வெயிட் போடு என்று பாட்டிமார் சொன்னதற்குள் இருக்கும் இயற்பியல் இதுதான். மூடியைப் பூட்டி, வெயிட் இல்லாமல் முழுத் தீயில் வையுங்கள். முதலில் குழலில் விட்டுவிட்டு மெல்லிய புகைபோல வரும்; அது காற்றும் ஆவியும். பிறகு ஒரே சீராக, சீற்றத்தோடு, கம்பி பிடித்தாற்போல் ஆவி நிற்கும். அப்படி ஒரு முழு நிமிடம் விடுங்கள். காற்று துரத்தப்பட்டுவிட்டது. குழல் அடைபடவில்லை என்பதும் கூடவே உறுதியாகிவிட்டது. இப்போது வெயிட்டைப் போடுங்கள். இதற்குப் பிறகு வரும் முதல் விசிலை நம்பலாம்.

அந்த விசில் வந்ததும் தீயை சிம்முக்குக் கொண்டுவந்துவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். இங்கிருந்து நிமிடங்களை எண்ணுவதுதான் சரியான கணக்கு. தீயைக் கூட்டி வைத்தால் உள்ளே சூடு ஏறாது, வெயிட் எழும்பி ஆவிதான் வெளியேறும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 293 கிலோஜூல் வேண்டும். அதே தண்ணீர் முழுவதையும் ஆவியாக்க 2257 கிலோஜூல், ஏழரை மடங்குக்கும் மேல். விசில் விசிலாகப் போவது சிலிண்டரில் இருக்கும் எரிவாயுதான். சிம்மில் வெயிட் லேசாக உஸ்ஸென்று முனகிக்கொண்டு, எப்போதாவது ஒரு விசில் தந்தால் தீ அளவு சரி. சத்தமே இல்லாமல் அடங்கிப்போனால் தீ போதவில்லை.

5 லிட்டர் குக்கரில் ஒரு டம்ளர் துவரம்பருப்பு, அதாவது 200 கிராம் அளவு. அரைமணி ஊறவைத்துக் களைந்து, மூன்று டம்ளர் தண்ணீர், கால் ஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் சேர்த்து நேரடியாகக் குக்கரில். முதல் விசிலுக்குப் பின் சிம்மில் 8 நிமிடம், அணைத்துவிட்டு அழுத்தம் தானாக இறங்க இன்னொரு 10 நிமிடம். இரவெல்லாம் ஊறிய கொண்டைக்கடலைக்கு சிம்மில் 15 முதல் 20 நிமிடம். அடுக்குப் பாத்திரத்தில் வைத்தால் அடியில் இரண்டு டம்ளர் தண்ணீராவது வேண்டும். ஆவி போய்க் குளிர்ந்த பாத்திரத்தின் மேல் படிந்து சூட்டைக் கொடுப்பதால் எல்லாவற்றுக்கும் ஓரிரு நிமிடம் கூடும். அடித்தண்ணீரில் ஒரு துண்டு எலுமிச்சைத் தோலோ சக்கை எடுத்த புளியோ போட்டால் அலுமினியம் கறுக்காது.

எண்ணெய் எதற்கு? பருப்பிலிருந்து கரையும் புரதமும் சபோனின் என்ற பொருளும் தண்ணீரில் நுரை கட்டுகின்றன. அந்த நுரை மேலேறி மூடியைத் தொட்டால் பருப்புத் தோலையும் மாவையும் இழுத்துக்கொண்டு குழலுக்குள் போகும். எண்ணெய் நுரைக் குமிழ்களின் சவ்வை உடைத்துவிடும். அதைவிட முக்கியமானது நிரப்பும் அளவு: பருப்பு, பயறு என்றால் தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் போகக் கூடாது, மற்றவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு. விசிலோடு மஞ்சள் தண்ணீர் தெறித்து அடுப்பெல்லாம் வழிகிறது என்றால் காரணம் பெரும்பாலும் அளவு மீறியதுதான், அல்லது தீ அதிகம். ஒவ்வொரு தடவையும் மூடும் முன் மூடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் குழலுக்குள் பாருங்கள். மறுபக்கம் ஒரு வெளிச்சப் புள்ளி வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உள்ளே காய்ந்த பருப்புத் தோல் இருக்கிறது. ஊசியோ மெல்லிய கம்பியோ விட்டுத் தள்ளி, குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். இரண்டு விநாடி வேலை. குக்கர் வெடித்த விபத்துகளுக்குப் பின்னால் அடைபட்ட குழலும் பொருந்தாத சேஃப்டி வால்வும் சேர்ந்தே இருப்பதுண்டு. சேஃப்டி வால்வு குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவையால் அடைக்கப்பட்டது. தண்ணீர் வற்றிச் சூடு ஏறினாலும், அழுத்தம் அளவு மீறினாலும் அது உருகி ஆவிக்கு வழி விடும். அது உருகினால் குக்கர் தன் கடமையைச் செய்தது என்று பொருள். மாற்று வால்வு அதே நிறுவனத்தின் அசலாக, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கட்டும்.

கைப்பிடிப் பக்கம் ஆவி கசிந்து விசிலே வரவில்லையென்றால் கேஸ்கட்டைக் கழற்றி விரலால் மடக்கிப் பாருங்கள். வளையாமல் விறைத்திருந்தாலோ, மடிப்பில் வெடிப்புத் தெரிந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. கழுவிய பின் மூடியிலேயே மாட்டி வைக்காமல் தனியே தொங்கவிட்டால் நாள்படும்.

எல்லாம் சரியாகச் செய்தும் பருப்பு மசியவில்லை என்றால்? அப்போது பருப்பையும் தண்ணீரையும் சந்தேகிக்கலாம். அரிசி வேகுவது அதன் மாவுச்சத்து தண்ணீர் குடித்து வீங்குவதால். அதற்கு 70 டிகிரியை ஒட்டிய சூடே போதும். பருப்பு மசிய அதன் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைய வேண்டும். போர்வெல் உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் பெக்டின் இழைகளைக் குறுக்கே கட்டிப்போட்டுவிடும். புளி, தக்காளி போன்ற புளிப்புகளும் அதைக் கரையவிடாது. அதனால்தான் சாம்பாரில் புளி பருப்பு வெந்த பிறகு சேர்கிறது. நாள்பட்ட பருப்பில் இன்னொன்று நடக்கிறது. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் பருப்புக்குள் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் சிதைந்து, அது பிடித்துவைத்திருந்த கால்சியம் விடுபட்டு பெக்டினைப் பிடிக்கும். நல்ல தண்ணீர் ஊற்றினாலும் அந்தப் பருப்பு முரண்டு பிடிக்கும். ஒரு டம்ளருக்கு இரண்டு சிட்டிகை சமையல் சோடா போட்டால் கட்டு தளரும். அதற்கு மேல் போட்டால் சோப்பு வாடை வரும், பி1 வைட்டமினும் அழியும். மாதத் தேவைக்கு மட்டும் பருப்பு வாங்குவது இதைவிட நல்ல வழி.

ஊட்டியில் இருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். 2240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். வெயிட் சேர்ப்பது வெளி அழுத்தத்துக்கு மேல் ஒரு மடங்குதான் என்பதால் குக்கருக்குள்ளும் 116 டிகிரி அளவே கிடைக்கும். சென்னையில் 8 நிமிடம் என்றால் அங்கே 11 நிமிடம் வையுங்கள்.

அணைத்த பிறகு அவசரம் வேண்டாம். உள்ளே இருக்கும் தண்ணீர் 120 டிகிரியில் இருக்கிறது. அழுத்தத்தைச் சட்டென்று விட்டால் அதில் சுமார் 4 சதவீதம் அந்த நொடியே ஆவியாக மாறும். ஒரு லிட்டருக்கு இது 40 மில்லிதான். ஆனால் ஆவியாக விரிந்தால் 65 லிட்டருக்கு மேல், நாலு குடத்துக்கும் அதிகம். கரண்டிக் காம்பால் வெயிட்டைத் தூக்கும்போது பருப்பு பீய்ச்சியடிப்பதும், மூடியை நெம்பித் திறந்தவர்களுக்கு முகம் வெந்துபோவதும் இந்த விரிவால்தான். கடலையில் தோல் உரிந்து உடைவதும் இதே கொதிப்பில்தான். தானாக ஆறவிட்டால் முழுசாக நிற்கும்.

வேலையில் மறந்து ஒரு மணி நேரம் கழித்துப் போனால் சில குக்கர்களில் மூடி நகரவே நகராது. ஆவி முழுவதும் தண்ணீராகிவிட்டது, காற்று முதலிலேயே வெளியே போய்விட்டது. இப்போது வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்திருக்கிறது. முறுக்கவோ தட்டவோ வேண்டாம். வெயிட்டை மெதுவாகத் தூக்குங்கள். உஸ்ஸென்று இந்தத் தடவை காற்று உள்ளே போகும். மூடி தானே தளரும்.