குணச்சித்திர நடிகர்: சொல்லும் பொருளும்

ஒரு மனிதரின் வயது, தொழில், பேச்சு, மனப்போக்கு ஆகியவற்றைத் திரையில் உருவாக்கிக் காட்டுவதற்காகவே அமர்த்தப்படும் நடிகர் குணச்சித்திர நடிகர். தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுப் பிரிவிலும் இதே பெயர்தான். படப்பிடிப்புத் தளத்தில் மட்டும் ‘கேரக்டர் ஆர்ட்டிஸ்ட்’ என்பார்கள்.

குணம், சித்திரம் இரண்டும் வடசொற்கள். சேர்ந்தால் பண்பின் ஓவியம். ஆங்கிலத்தின் ‘கேரக்டர்’ கிரேக்க வேர் கொண்டது. செதுக்கும் கருவியையும் நாணயத்தில் பதிந்த முத்திரையையும் முதலில் குறித்தது. மனித இயல்பு, நாடகப் பாத்திரம் என்ற பொருள்கள் பின்னால் ஏறியவை. தமிழ் அவற்றில் இயல்பைப் பிடித்துக்கொண்டது. இந்தியில் ‘சரித்ர அபிநேதா’ என்பார்கள், அங்கே சரித்ர என்றால் குணம். அதை அப்படியே எடுத்திருந்தால் ராஜா வேடம் கட்டுபவர் என்றல்லவா நினைத்திருப்போம்! மலையாளத்தின் ‘சுவபாவ நடன்’ நம் வழக்குக்கு நெருக்கமானது.

பேச்சுத் தமிழில் குணம் என்றாலே நல்ல குணம்தான். அதனால் கண் கலங்கும் அப்பா, விட்டுக்கொடுக்கும் அண்ணன் போன்ற வேடங்களுக்கே இந்தப் பெயர் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அது தவறு. டி. எஸ். பாலையா ‘சதி லீலாவதி’யில் (1936) வில்லன், ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) மகன் சொல்லும் பேய்க்கதைக்கு வெலவெலத்துப்போகும் அப்பா, ‘திருவிளையாட’லில் (1965) கர்வம் பிடித்த ஹேமநாத பாகவதர். மூன்றுமே குணச்சித்திரம்தான்.

இதைவிடப் பெரிய குழப்பம் ‘துணை நடிகர்’ என்ற சொல்லால் வருகிறது. தேசிய விருதில் அது நாயகனுக்கு அடுத்த நிலையில் உள்ள முக்கிய நடிகரைக் குறிக்கும். அந்த விருது 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து வழங்கப்படுகிறது. கோடம்பாக்கத்திலோ துணை நடிகர் என்றால் ஏஜென்ட் மூலம் நாள் சம்பளத்துக்கு வந்து கூட்டத்தில் நிற்பவர். செய்தி எழுதுபவர்கள் இரண்டையும் கலக்கும்போது நானூறு படம் நடித்தவரும் கூட்டத்தில் ஒருவராகிவிடுகிறார். துணை என்பது கதையில் வகிக்கும் இடம். குணச்சித்திரம் என்பது நடிப்பின் தன்மை. ‘இருவர்’ படத்துக்காகத் துணை நடிகர் விருது பெற்ற பிரகாஷ்ராஜ், ‘காஞ்சிவர’த்தில் கதைநாயகனாக நடித்துச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும் பெற்றார். இடம் மாறியது, தன்மை மாறவில்லை.

இந்தச் சொல்லுக்கு முழுப் பொருள் தெரிய டெல்லி கணேஷின் (1944–2024) படங்களை வரிசையாகப் பார்க்கலாம். விமானப் படையில் வேலை பார்த்து, டெல்லியில் தமிழ் மேடை நாடகங்களில் நடித்தவர். ‘பட்டினப் பிரவேச’த்தில் (1977) கே. பாலசந்தர் அறிமுகப்படுத்தினார். ‘பசி’யில் (1979) ரிக்‌ஷா ஓட்டும் தகப்பன், ‘நாயக’னில் (1987) தாதாவின் நிழலாக நிற்கும் ஐயர், ‘அபூர்வ சகோதரர்க’ளில் (1989) வில்லன்களில் ஒருவர், ‘மைக்கேல் மதன காமராஜ’னில் (1990) பாலக்காட்டுச் சமையல்காரர். முகம் பெரிதாக மாறவில்லை. நடை, குரலின் ஏற்ற இறக்கம், வட்டார வழக்கு மூன்றும் மாறின. நெல்லைச் சீமைக்காரர் வாயில் பாலக்காட்டுத் தமிழ் வழுக்காமல் வந்ததுதான் வித்தை. முதலில் மாற வேண்டியது பேச்சு. ஒப்பனை அதற்குப் பிறகுதான்.

தொழிலில் இது சறுக்கும் இடங்களும் உண்டு. குணச்சித்திர நடிகருக்கு ஒரு படத்தில் கிடைப்பது பெரும்பாலும் சில நாள் கால்ஷீட்தான். அதனால் ஒரே நேரத்தில் பல படங்கள் ஓடும். ஒன்றுக்கு மீசை வேண்டும், இன்னொன்றுக்கு மழித்திருக்க வேண்டும். ஒட்டுமீசையில் சமாளித்தால் குளோசப்பில் தெரிந்துவிடும், காட்சிக்குக் காட்சி தோற்றம் மாறாதிருக்க வேண்டிய கன்டினியூட்டியும் கெடும். ஒத்திகைக்கு நேரம் இல்லாததால், ஏற்கெனவே அப்பாவாகச் சோபித்தவரையே மறுபடி அப்பாவாகக் கூப்பிடுகிறார்கள். ஒரே வார்ப்பில் சிக்குவது இப்படித்தான். பிறர் டப்பிங் பேசினால் பாதி நடிப்பு போய்விடும். குணம் குடியிருப்பது பெரும்பாலும் குரலில்.

எழுத்து விஷயம்: ‘குணசித்திர’ என்று ஒற்றில்லாமல் எழுதுவது பிழை, ‘குணச்சித்திர’ என்பதே சரி. ஓரிரு காட்சிக்கு நட்புக்காக வந்துபோவது கௌரவ வேடம், அதை இதோடு சேர்க்கக் கூடாது.

தனித்தமிழ் வேண்டுவோருக்கு ‘பண்போவிய நடிகர்’ நேர் பெயர்ப்பு, ஆனால் வாயில் நிற்காது. ‘பண்பு நடிகர்’ என்றால் பண்பான நடிகர் என்று படிப்பார்கள். பண்பு, உரு சேர்ந்த ‘பண்புரு நடிகர்’ பொருந்துகிறது: குற்றியலுகரம் கெட்டு எளிதாகப் புணர்கிறது, பண்புக்கு உருக்கொடுப்பவர் என்ற பொருளும் தெளிவு. கதாபாத்திரத்துக்குக் ‘கதைமாந்தர்’ ஏற்கெனவே ஆய்வேடுகளில் நிலைத்த சொல் என்பதால் ‘பண்புரு மாந்தர்’ என்றும் நீட்டலாம். நாளிதழ்ச் செய்திக்கு மட்டும் இப்போதைக்குக் குணச்சித்திர நடிகரே போதும்.