ஸ்கேனருக்குக் காது கிடையாது

“கோடு எதுவும் வரலையே அண்ணே, நானே போட்டுப் பார்த்தேனே.”

பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு, இன்ஜினின் உடலான பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்த இன்ஜினுக்கு முன்னால் நின்று அதன் உரிமையாளர் சொன்னது இது. மூன்று வாரமாக அடியிலிருந்து யாரோ தட்டுவதுபோல் சத்தம் வந்திருக்கிறது. காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் பழுதுக் குறியீட்டை, அதாவது ‘கோடு’ (code) என்பதைப் படிக்கும் ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்றை வாங்கிச் செருகிப் பார்த்திருக்கிறார். செல்போன் திரையில் பழுது எதுவும் இல்லை என்று வந்திருக்கிறது. அந்தத் தைரியத்தில் குடும்பத்தோடு நெடும்பயணம் கிளம்பிவிட்டார். இதே வார்த்தைகளை இதே மாதிரி இன்ஜின்களுக்குப் பக்கத்தில் நின்று பலர் சொல்லிக் கேட்டுவிட்டேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கார் தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளும், ஏதாவது என்றால் விளக்கு எரியும் என்று அவர்களை நம்ப வைத்திருக்கிறார்களே, அதன் மேல்தான் கோபம்.

செக் இன்ஜின் விளக்கு எதற்காக வந்தது என்று தெரிந்தால் இந்த நம்பிக்கை தானாகப் போய்விடும். இன்று நாம் ஸ்கேனரைச் செருகும், கார் தன்னைத் தானே சோதிக்கும் ஓபிடி-2 முறை 1996-இல் அமெரிக்காவில் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் வந்தது. இரண்டு இடத்திலும் காரணம் ஒன்றுதான்: காற்று மாசு. அமெரிக்க விதியின் பொதுவான அளவுகோல், புகையில் போகும் மாசு அனுமதித்த அளவைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடிய பழுது வந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பது. அதனால் ஆக்சிஜன் சென்சார், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது), பெட்ரோல் ஆவி கசிவு இவற்றையெல்லாம் கம்ப்யூட்டர் விடாமல் கவனிக்கும். கனெக்டிங் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் இடத்தில் இருக்கும் ராடு பேரிங் தேய்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை. பார்க்க அங்கே சென்சாரும் இல்லை. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அது இரண்டு மடங்கானாலும் புகை சுத்தமாகத்தான் போகும், ஸ்கேனரும் எல்லாம் நலம் என்றே காட்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் படித்தவர்கள் நாக் சென்சாரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நாக் சென்சார் பிளாக்கில் முடுக்கியிருக்கும் ஒரு பீசோ படிகம். அதிர்வை மின்சாரமாக மாற்றும். ஆனால் கம்ப்யூட்டர் அதை முழு நேரமும் கேட்பதில்லை. ஒவ்வொரு சிலிண்டரிலும் பெட்ரோல் எரியும் அந்தச் சின்ன நேரத்தில் மட்டும், அதுவும் சிலிண்டரின் விட்டத்தைப் பொறுத்து அமையும் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில், சாதாரண கார்களில் சுமார் 6 முதல் 7 கிலோ ஹெர்ட்ஸ் பக்கத்தில் மட்டும் கேட்கும். பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடிக்கிறதா, அதாவது நாக்கிங் இருக்கிறதா என்பதுதான் அதன் ஒரே கேள்வி. பேரிங்கின் கனத்த ‘டொக் டொக்’ அதைவிட மிகக் கீழே இருக்கும் ஒலி. சில வண்டிகளில் இப்படிப்பட்ட சத்தத்தை நாக்கிங் என்று தவறாக எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் ஸ்பார்க் விழும் நேரத்தை (இக்னிஷன் டைமிங்) பின்னுக்குத் தள்ளிவிடும். ஓட்டுபவருக்குப் பிக்கப் குறைந்ததுபோல் தெரியும். அப்போதும் கோடு வராமல் போகலாம்.

சிவப்பு ஆயில் விளக்காவது காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். அது ஆயிலின் அளவைச் சொல்லும் விளக்கு இல்லை, அழுத்தத்தைச் சொல்வது. பல கார்களில் அழுத்தம் அரை பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) கீழே விழுந்த பிறகுதான் எரியும். அந்த நேரத்தில் பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயில் ஏற்கெனவே போகவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்துங்கள், இன்ஜினை அணையுங்கள். “பக்கத்துல ஒரு வொர்க்‌ஷாப் இருக்கு, மெதுவா ஓட்டிட்டுப் போயிடுறேன்” என்று யாரும் எனக்கு போன் செய்ய வேண்டாம். நான் சொல்லப்போவது ஒன்றுதான்: ஓட்டாதீர்கள், தூக்கிக்கொண்டு வாருங்கள்.

எல்லாச் சத்தத்துக்கும் பயப்படவும் வேண்டாம். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜின்களில் எரிபொருள் அழுத்தம் 200 பார், 350 பார் வரை போகும். இன்றைய டீசலில் 2,000 பாரையும் தாண்டும். இன்ஜெக்டரும் ஹை பிரஷர் பம்ப்பும் ‘டிக் டிக்’ என்றுதான் இருக்கும், அது அவற்றின் இயல்பு. காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் கொஞ்சம் முரட்டுத்தனமாக, அதிக வேகத்தில் ஓடுவது கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்குவதற்காக. வண்டியை அணைத்த பிறகும் ஃபேன் ஓடலாம், டர்போவைக் குளிர்விக்கும் சின்ன பம்ப் ரீங்கரிக்கலாம். சில கார்களில் சாவி எடுத்துச் சில மணி நேரம் கழித்துப் பெட்ரோல் டேங்க் பக்கம் ஒரு மோட்டார் தானாக ஓடும். ஆவி கசிகிறதா என்று பார்க்கும் சோதனை அது. ராத்திரியில் கேட்டுப் பதறிப்போய் வந்தவர்கள் உண்டு.

நான் கெஞ்சிக் கேட்பது காலைச் சத்தத்தைப் பற்றி. இரவெல்லாம் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகும்போது ஒன்றிரண்டு விநாடி ‘கரகர’வென்று சங்கிலி உரசுவதுபோல் கேட்டால், பெரும்பாலும் அது கிராங்கையும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டையும் இணைக்கும் டைமிங் செயின் பக்கமிருந்து வருகிறது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. ஆயில் வந்து சேரும்வரை செயின் தளர்ந்து ஆடும். சில நேரம் காரணம் மிகச் சாதாரணம்: மலிவான ஃபில்டரில் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வு சரியாக இருக்காது, நல்ல ஃபில்டர் போட்டால் போய்விடும். சில நேரம் டென்ஷனர் மட்டும் போயிருக்கும். கவனிக்காமல் விட்டால் செயின் நீண்டு, அதற்கு வழிகாட்டும் கைடு உடைந்து, ஒருநாள் சக்கரத்தின் பல் தாண்டும். இன்றைய இன்ஜின்களில் பெரும்பாலானவற்றில் செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை என்ற கோடு ஸ்கேனரில் வரத்தான் செய்யும். ஆனால் செயின் நன்றாக நீண்ட பிறகுதான் வரும். காதுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை அதற்குப் பல மாதம் முந்தையது.

நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் புகைக்கரி ஆயிலில் கலந்து செயினை அரிக்கிறது என்பதால், 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரத்தில் செயின் தேய்மானத்துக்கென்றே ஒரு சோதனையைச் சேர்த்தார்கள். ஆயில் மாற்றும் கெடுவைத் தள்ளிப்போடுபவர்கள் இதை ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கலாம்.

இனி நான் கண்டிப்பாகப் பேசப்போகும் விஷயம்: கெட்டி ஆயில். வால்வுப் பக்கமிருந்து டேப்பட் சத்தம் வருகிறது, கெட்டி ஆயில் ஊற்றினால் அடங்கிவிடும் என்று ஆலோசனை சொல்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். 0டபிள்யூ-20 என்ற இளகிய ஆயில் கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயில் ஊற்றினால், நூறு டிகிரி சூட்டில்கூட அது ஏறத்தாழ இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டி. குளிர்ந்த நேரத்தில் கேட்கவே வேண்டாம். வால்வு டைமிங்கை மாற்றும் பாகங்களுக்கு ஆயில் போகும் வழிகள் மிகக் குறுகலானவை, நுண்ணிய சல்லடை வைத்தவை. கெட்டி ஆயில் அங்கே சேரத் தாமதமாகும். சத்தம் அடங்கியதுபோல் தெரிவது உண்மைதான். தேய்மானம் அடங்கவில்லை. காய்ச்சலை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரை உடைப்பதுபோன்ற வைத்தியம் இது. சத்தத்தை நிறுத்துவதாகச் சொல்லி விற்கும் டப்பா மருந்துகளுக்கும் இதே பதில்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. ஓர் இடத்தில் “ராடு பேரிங் போச்சு, இன்ஜினைப் பிரிக்கணும்” என்று சொல்லி அனுப்பிய வண்டி எங்களிடம் வந்தது. கேட்டால் அசல் ராடு சத்தம்தான். ஆனால் ஆயில் அழுத்தம் சரியாக இருந்தது, ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்த்தும் சத்தம் குறையவில்லை. ராடு பேரிங் என்றால் அந்தச் சிலிண்டரை நிறுத்தியதும் பெரும்பாலும் அடங்கும். கியர்பாக்ஸ் பக்கம் திறந்து பார்த்தோம், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டில் விரிசல். இன்ஜினில் கை வைக்கத் தேவையே இல்லை. அதேபோல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒரு போல்ட் உடைந்து புகை கசிந்தாலும் அச்சு அசலாக டேப்பட் மாதிரி ‘டிக் டிக்’ என்னும். இன்ஜின் சூடாகி உலோகம் விரிந்ததும் நின்றுவிடும். டிப்ஸ்டிக்கை உருவியதும் நின்றுபோகும் ஊளைச் சத்தம் என்றால் இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வின் ஜவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். வெளியே தளர்ந்த ஒரு தகடு, ஒரு பெல்ட் புல்லி, இவையும் இன்ஜின் போய்விட்டதுபோல் பயமுறுத்தும்.

தொழில் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஐட்லிங்கில் கிராங்க் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் கேம் 400. சத்தம் எந்த வேகத்தில் விழுகிறது என்று ஸ்பார்க்கோடு சேர்ந்து மின்னும் டைமிங் லைட் வெளிச்சத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே மேலே கேம் பக்கமா, கீழே கிராங்க் பக்கமா என்பது பாதி தெரிந்துவிடும். பிறகு ஸ்டெதஸ்கோப் வையுங்கள். ஸ்கேனரைச் செருகிக் கோடு இல்லை என்று வண்டியைத் திருப்பி அனுப்பாதீர்கள். வாடிக்கையாளரின் தப்பான நம்பிக்கையில் பாதி நம்மிடமிருந்து போனதுதான்.

சின்ன டர்போ இன்ஜின் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. மேட்டில் டாப் கியரிலேயே, 1,500 சுற்றில், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து இழுக்காதீர்கள். அந்த நிலையில் பெட்ரோல் ஸ்பார்க்குக்கு முன்பே தானாகப் பற்றி வெடிக்கலாம். அப்படி ஒருசில வெடிப்பிலேயே பிஸ்டனின் ரிங் பகுதி உடைந்த இன்ஜின்கள் இருக்கின்றன. கியரைக் குறையுங்கள்.

இப்போதைய கார்களின் கேபினில் ஒன்றும் கேட்பதில்லை. தடித்த கண்ணாடி, மெத்தை, சில கார்களில் ஸ்பீக்கர் வழியாகவே இன்ஜின் இரைச்சலை அமுக்கும் வசதி. நாம்தான் வெளியே போய்க் கேட்க வேண்டும். வாரத்தில் ஒரு காலை பானெட்டைத் திறந்துவைத்து வேறு யாரையாவது ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கையும் துணியும் பெல்ட்டிலிருந்து தள்ளியே இருக்கட்டும். இன்னொரு நாள் பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஒரு நீளச் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தத்தில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். மாதம் இரு முறை ஆயிலைப் பாருங்கள். அரை லிட்டர் ஆயிலை ஆயிரம் கிலோமீட்டரில் குடிப்பதுகூட இயல்புதான் என்று சில தயாரிப்பாளர்களின் கையேட்டிலேயே இருக்கிறது. அடுத்த சர்வீஸ் வரை காத்திருந்தால் டிப்ஸ்டிக் நனையாது.

சத்தத்தோடு வரும்போது “ஒரு மாதிரி சத்தம்” என்று மட்டும் சொல்லாதீர்கள். குளிர்ந்திருக்கும்போதா, சூடானபின்பா? நிற்கும்போதா, இழுக்கும்போதா, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதா? ஏசி போட்டால் மாறுகிறதா? கிளட்ச் மிதித்தால் நிற்கிறதா? எப்போது தொடங்கியது, அதற்கு முன் வண்டியில் என்ன வேலை பார்த்தீர்கள்? இதற்குப் பதில் இருந்தால் எங்கள் வேலை பாதி முடிந்தது. வீடியோ எடுத்தால் சுற்றைக் காட்டும் மீட்டரும் தெரியும்படி எடுங்கள். செல்போன் சில சத்தங்களை விழுங்கிவிடும், அதனால் வீடியோவை வைத்து முடிவைச் சொல்லும்படி எங்களை வற்புறுத்தாதீர்கள். காலையில் மட்டும் வரும் சத்தம் என்றால் முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டுப் போங்கள். அரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்து நின்றால் அந்தச் சத்தத்தை எங்களால் கேட்கவே முடியாது.

பழைய கார் வாங்கப்போகிறவர்களுக்கும் இது பொருந்தும். பார்க்கப் போன இடத்தில் முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் விலை பேச உட்காராதீர்கள். நாளைக் காலை வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.