பழைய பைக்கா? முதலில் பிரேக்கைப் பாருங்கள்

பழைய பைக்கை வீட்டிலேயே கழற்றிப் பழுது பார்க்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். தன் வண்டியில் தானே கை வைத்தவருக்கு, அதன் சத்தத்தில் சின்ன மாறுதல் வந்தாலும் உடனே தெரிந்துவிடும். ஆனால் அப்படி வீட்டில் பார்த்துவிட்டு பட்டறைக்கு வரும் வண்டிகளில் ஒரு விஷயம் என்னைத் தொடர்ந்து உறுத்துகிறது. கார்புரேட்டர் பளிச்சென்று இருக்கும். பிளக் புதிது, ஏர் ஃபில்டர் புதிது. பின்சக்கரத்தைக் கழற்றி, அதன் நடுவில் இருக்கும் பிரேக் டிரம்மைத் திறந்தால், டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூவில் லைனிங் என்ற உராய்வுப் பட்டை தேய்ந்து அலுமினியம் எட்டிப் பார்க்கும்.

இது அக்கறையின்மை இல்லை. ஸ்டார்ட் ஆகாத வண்டி அன்றைக்கே நம்மை நிறுத்திவிடும், அதனால் உடனே கவனிக்கிறோம். பிரேக் அப்படி ஒரே நாளில் போவதில்லை. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, காலும் அதற்கேற்ப அழுத்தமாக மிதிக்கப் பழகிக்கொள்கிறது. வேறொருவர் வண்டியை வாங்கி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, “என்ன, பிரேக்கே பிடிக்கவில்லையே” என்று கேட்கும்போதுதான் நமக்கே உறைக்கும்.

டிரம் பிரேக்கில் எல்லோரும் செய்வது, பெடலிலிருந்து டிரம்முக்குப் போகும் ராடின் முனையில் இருக்கும் நட்டை இறுக்குவது. பெடல் மேலே வந்துவிடும், பிரேக் சரியாகிவிட்டதுபோல இருக்கும். ஆனால் இறுக்கிய பிறகு பெடலை மிதித்து, டிரம்முக்கு வெளியே இருக்கும் பிரேக் லிவரைப் பாருங்கள். ராடும் லிவரும் சேரும் கோணம், பிரேக் பிடித்த நிலையில் 90 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் அந்த விசையில் ஒரு பகுதி வீணாகிறது, ஷூவுக்குப் போய்ச் சேர்வதில்லை. நிறைய வண்டிகளில், ஷூக்களை விரிக்கும் கேம் தண்டில் ஓர் அம்புக்குறியும், டிரம்மை மூடும் தட்டான பேனலில் ஒரு கோடும் இருக்கும். பிரேக் பிடித்திருக்கும்போது அம்பு கோட்டைத் தொட்டால் ஷூ மாற்றும் நேரம் வந்துவிட்டது. சிலர் லிவரைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் போட்டு நட்டுக்கு மேலும் இடம் உண்டாக்குகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கேம் ஏற்கெனவே தன் எல்லை வரை திரும்பியிருக்கிறது. அதற்கு மேல் திரும்பினால் பிரேக் பிடித்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளலாம், அல்லது பிடிக்காமலே போகலாம்.

ஷூ மாற்றும்போது டிரம்மையும் பாருங்கள். எத்தனை மில்லிமீட்டர் விட்டம் வரை தேயலாம் என்பது பெரும்பாலும் டிரம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டிய டிரம்மில் புது ஷூ போட்டும் பயனில்லை. லைனிங் தடிமனாக இருக்கிறது என்பதற்காக நிம்மதி அடையவும் வேண்டாம். பல வருடம் நிறுத்தி வைத்த வண்டியில் லைனிங்கை ஒட்டிய பசை பலமிழந்து, ஒரு பக்கம் பெயர்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எண்ணெயோ கிரீஸோ ஊறிய லைனிங்கைக் கழுவிப் போடுவதும் வேண்டாம். மாற்றிவிடுங்கள், கசிவு எங்கிருந்து வந்தது என்பதையும் கண்டுபிடியுங்கள்.

டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றடித்தும் விரட்டாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். நுரையீரலுக்குள் போன அந்த இழை வெளியே வராது, நோய் பல ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். முகக்கவசமும் அணியுங்கள்.

இனி நான் மிகவும் பயப்படும் இடம். பின்சக்கர பிரேக் பேனலிலிருந்து பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கு ஒரு பட்டைக் கம்பி போகும், டார்க் ராட் என்போம். பிரேக் பிடிக்கும்போது பேனல் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிவிடாமல் பிடித்து வைப்பது அதுதான். செயின் இறுக்கும்போது இதன் நட்டையும் தளர்த்த வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் ஆக்சில் நட்டு நினைவிருக்கும், இது மறந்துபோகும். மெதுவாகப் போகும்வரை எதுவும் தெரியாது. வேகத்தில் பிரேக் அடித்தால் பேனல் சுழன்று, ராடை முறுக்கி, சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். நட்டு இறுக்கமாக இருந்தால் மட்டும் போதாது, நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் போடும் துளை இருந்தால் புது பின் போட்டு வளைத்துவிட வேண்டும். பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள். முன்சக்கரம் டிரம்மாக இருந்தால், ஃபோர்க்கில் இருக்கும் முளை பேனலின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே ஆக்சிலை இறுக்குங்கள். இறுக்கும் நேரத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டால் பேனல் நடுவில் சரியாக அமரும்.

டிஸ்க் இருக்கிற வண்டியில் பிரேக் ஆயில்தான் மறக்கப்படுவது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கு வகுத்திருக்கும் அளவு 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் உள்ளே ஆவி உண்டாகி லிவர் கைப்பிடிவரை வந்துவிடும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறோம். திறந்து பல மாதம் கிடந்த பாட்டிலிலிருந்து ஊற்றாதீர்கள். வண்டியின் பிரேக் ஆயில் டப்பா மூடியில் என்ன வகை எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். எஞ்சின் ஆயிலோ பெட்ரோலோ ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் சீல்கள் உப்பிவிடும்.

செயினைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டு, சுற்றும் செயினில் துணியைப் பிடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. துணியின் நுனி பல்லுக்கும் செயினுக்கும் நடுவே சிக்கினால் விரலும் கூடவே போகும், கையை இழுக்க அவகாசமே இருக்காது. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள், விரல் பல் சக்கரத்திலிருந்து தள்ளி இருக்கட்டும். எண்ணெய் டயரிலோ டிஸ்க்கிலோ தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். செயினின் இணைப்புக் கண்ணியைப் பூட்டும் லாக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையில் இருக்க வேண்டும்.

டயரில் பட்டன் தேயவில்லை என்றாலும் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வெடிப்பு விழுந்து இறுகிப்போன ரப்பர் ஈரச் சாலையில் பிடிக்காது. பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வண்டியை நிறுத்துவது கடைசியில் அந்த ரப்பர்தான்.

எஞ்சின் வேலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சிறு துளையான ஜெட்டில் இரும்புக் கம்பி விடாதீர்கள், பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். கிளீனரும் காற்றும் போதும். கிளட்ச் ஆயிலில் மூழ்கி ஓடும் வண்டிக்கு ஜாசோ எம்ஏ என்ற பைக் ஆயில் தரக்குறி போட்ட ஆயிலே வேண்டும், கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். வால்வை இயக்கும் டாப்பெட்டின் சத்தத்தை அடியோடு ஒழிக்க நினைத்து இடைவெளி இல்லாமல் இறுக்காதீர்கள். லேசாகத் தட்டும் டாப்பெட் தேவலை, இறுகிய டாப்பெட் வால்வைக் கருக்கிவிடும்.

பெட்ரோலை வீட்டுக்குள் வைத்து வடிக்கவே கூடாது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி அடுத்த அறையின் அடுப்பு வரை போகும். மூடிய இடத்தில் எஞ்சினை ஓடவிடுவதும் அதே அளவு ஆபத்து. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்து, வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள்.

சரி, பிரேக் வேலை முடிந்துவிட்டது. உடனே சாலைக்கு எடுக்க வேண்டாம். சென்டர் ஸ்டாண்டில் சக்கரத்தைச் சுற்றி, தடையில்லாமல் ஓடுகிறதா, பிரேக் பிடித்தால் உடனே நிற்கிறதா என்று பாருங்கள். ஆள் இல்லாத சமதளத்தில் நடக்கும் வேகத்தில் முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். புது ஷூ டிரம்மோடு ஒட்டித் தேயும்வரை பிடிப்பு குறைவாகவே இருக்கும், அதுவரை இடைவெளி விட்டே ஓட்டுங்கள். சிறிது தூரம் போய்வந்ததும் டிரம் பக்கம் கையை மெல்லக் கொண்டுபோங்கள். பிரேக் அதிகம் பிடிக்காமலே அனல் அடித்தால் ஷூ விடுபடாமல் உரசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ராடு நட்டைத் தளர்த்தியும் சரியாகவில்லை என்றால், திரும்பக் கழற்றி கேமும் ஸ்பிரிங்கும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.