இன்சைட் ரோல் பொய் பிடிக்கும் கருவி இல்லை

இரண்டு மாதத்தில் மூன்றாவது முறை இதைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் கதைவேட விளையாட்டை நடத்துகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். அதில் ஆளுக்கொரு கேரக்டராக நடிப்பார்கள். கதையையும் மற்ற எல்லா ஆட்களையும் கேம் மாஸ்டர் நடத்துவார். ஒரு முயற்சி பலிக்கிறதா என்பதை இருபது முக டைஸ் சொல்லும். எதிரே இருப்பவர் மனதைப் படிக்க உருட்டுவதுதான் இன்சைட் ரோல்.

முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டு மாடி, ஞாயிறு மதியம், ஆறு பேர் உட்கார்ந்த மேசை. நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். கதை 1748-இல் நடக்கிறது. ஆங்கிலேய அட்மிரல் பாஸ்கவன் படையோடு வந்து பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த புதுச்சேரியை முற்றுகையிட்டிருக்கிறார். கோட்டை வாசலுக்கு ஒரு நெல் வியாபாரி வருகிறார். "கடலூர்லேருந்து தப்பிச்சு வந்தேன், உள்ள விடுங்க" என்கிறார். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு தம்பி டைஸை உருட்டிவிட்டான். "இன்சைட். பத்தொன்பது. பொய் சொல்றானா இல்லையா?"

"பொய்தான்" என்றார் கேம் மாஸ்டர்.

அவ்வளவுதான். வியாபாரியை ஒற்றன் என்று கட்டிப்போட்டார்கள். விளையாட்டு முடிந்ததும் கேம் மாஸ்டர் வருத்தத்தோடு என்னிடம் சொன்னார்: அவர் ஒற்றனே இல்லை. கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினம் கோட்டையில் ஆங்கிலேயர் பிடியில் அவருடைய மகன் இருக்கிறான். அதைத்தான் மறைத்தார். மாலை முழுவதும் ஓடியிருக்க வேண்டிய கதை ஒரே வார்த்தையில் செத்துப்போனது.

நான் புதுச்சேரியில் மனநல ஆலோசகர். சில வருடங்களாக இளைஞர்களுக்கு இந்த விளையாட்டை நடத்தியும் வருகிறேன். இரண்டு பக்கமும் நிற்பதால் எனக்கு இது கூடுதலாக உறுத்துகிறது. மனிதனைப் பார்த்த மாத்திரத்தில் பொய்யா நிஜமா என்று சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை மேசையோடு நிற்பதில்லை. "அவரு கண்ணைப் பார்த்துப் பேசலை மேடம், பொய்தான்" என்று என் அறையில் வந்து உட்காருபவர்கள் எத்தனை பேர்! நம் ஊரில் பெரியவர் முன்னால் சின்னப் பிள்ளைகள் தலை குனிந்து பேசுவது மரியாதை. கூச்சமுள்ளவர் கண்ணைத் தவிர்ப்பார். ஆட்டிசம் உள்ள பலருக்கு கண்ணோடு கண் பார்ப்பதே வேதனை. நன்றாகப் பழகிய பொய்யரோ உங்களை நேராகப் பார்த்துத்தான் சொல்லுவார்.

உளவியல் ஆய்வாளர்கள் பாண்டும் டிபாலோவும் 2006-இல் இருநூறுக்கு மேற்பட்ட ஆய்வறிக்கைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எந்த உதவியும் இல்லாமல் ஒருவர் பேச்சைக் கேட்டு மெய்யா பொய்யா என்று சொல்பவர்கள் சராசரியாக 54 சதவீதம்தான் சரியாகச் சொல்கிறார்கள். காசு சுண்டினாலே 50 வரும். பொய் சொல்பவர் கண் வலது மேலே போகும் என்று சுற்றுகிறதே ஒரு கதை, அதையும் 2012-இல் உளவியலாளர் வைஸ்மன் குழு சோதித்தது. ஆதாரம் கிடைக்கவில்லை. தயவுசெய்து அதை உங்கள் கதைக்குள் கொண்டுவராதீர்கள். கேட்கிற பதினெட்டு வயதுப் பிள்ளை அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு போகும்.

விதிப்புத்தகமும் நீங்கள் நினைப்பதைச் சொல்லவில்லை. இவ்வகை விளையாட்டுகளில் பிரபலமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு, 2014, இன்சைட் பகுதியைத் திறந்து படியுங்கள். பொய்யைத் தேடவும் உருட்டலாம்தான், ஆனால் அதற்கு வழி உடல்மொழி, பேச்சுப் பழக்கம், நடத்தையில் மாற்றம், இவற்றிலிருந்து துப்பு எடுப்பது என்றுதான் இருக்கிறது. என் மேசையில் இதற்குக் குறிப்பறிதல் என்றே பெயர். குறிப்புதான் கிடைக்கும். பத்தொன்பது விழுந்தால் இப்படிச் சொல்லுங்கள்: "நெல் விலை கேட்டப்போ பட்டுப் பட்டுனு சொன்னார். குடும்பம் எங்கேன்னு கேட்டதும் மூட்டைக் கயிறை இறுக்கிக் கட்ட ஆரம்பிச்சார்." அதை வைத்து அவர்கள் யோசிக்கட்டும், அடுத்த கேள்வி கேட்கட்டும். தப்பாகக்கூட யோசிக்கட்டும்.

டைஸை நீங்கள் மறைத்து உருட்டுங்கள். மூன்று விழுந்ததை எல்லாரும் பார்த்த பிறகு "உண்மை மாதிரிதான் தெரியுது" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் இரண்டாம் பதிப்பில் இந்தச் சோதனையே ரகசியச் சோதனை. கால் ஆஃப் கதுலு விளையாட்டிலும் இதே வேலையைச் செய்யும் சைக்காலஜி திறனைக் கீப்பர் (அங்கே கேம் மாஸ்டருக்கு அதுதான் பெயர்) மறைத்து உருட்டலாம். குறைந்த எண்ணுக்கு "பிடிபடவில்லை" என்பது போதும். பேச்சே நடக்காமல் உருட்ட விடாதீர்கள். ஒரே ஆளிடம் ஐந்து பேரும் வரிசையாக உருட்டுவதை உடனே நிறுத்துங்கள், யாராவது ஒருவருக்குப் பெரிய எண் விழ வாய்ப்பு அதிகம். சக ஆட்டக்காரரின் கேரக்டர் மனதில் என்ன இருக்கிறது என்பதை அவரைக் கேட்காமல் நீங்கள் அறிவிக்காதீர்கள்.

இன்னொன்று, இதைக் கோபமாக இல்லாமல் கேட்டுக்கொள்கிறேன். வேறொரு மேசையில், ஞானமும் இன்சைட்டும் உச்சத்தில் உள்ள துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) கேரக்டரை ஒரு பெண் எடுத்திருந்தாள். யாரிடமும் அதிகம் பேசாத பெண். உருட்டக் கை நீட்டியபோது, "டைஸெல்லாம் வேணாம், நீயே அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லு" என்று நிறுத்திவிட்டார்கள். சிலம்பக்காரன் கேரக்டரை எடுத்த பையனை யாராவது மாடியில் கம்பு சுற்றிக் காட்டச் சொன்னார்களா? முகம் பார்த்துப் படிக்க முடியாத பிள்ளை, அது முடிகிற ஒருத்தியாக மூன்று மணி நேரம் இருந்து பார்க்கத்தான் அந்தக் கேரக்டரை எடுக்கிறது. அவள் அந்த மேசைக்குத் திரும்பப் போகவில்லை.

இப்போது என்னோடு ஆடுகிறாள். அவளுடைய முறை வந்தால் நான் உருட்டி, பார்த்ததை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுகிறேன். அவள் படித்துவிட்டு, அவசரப்படாமல், அடுத்த கேள்வியை எழுதித் திருப்பித் தருகிறாள்.